வேலையில் அடிபட்டவரின் மருந்துச்சீட்டும் ஜெனரிக் மாற்று விதிகளும்: அமெரிக்காவில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் இடத்தில் முதுகு பிடித்துக்கொண்டாலோ, கிடங்கில் பெட்டி சரிந்து கை நசுங்கினாலோ, அந்தச் சிகிச்சைச் செலவு உங்கள் சொந்த மருத்துவக் காப்பீட்டில் போகாது. பெரும்பாலும் முதலாளி எடுத்து வைத்திருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு அதைக் கொடுக்கும். ‘வொர்க்கர்ஸ் காம்ப்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நரம்பு வலிக்கு மருத்துவர் ‘நியூரான்டின்’ என்ற பிராண்ட் மருந்தை எழுதியிருப்பார். மருந்துக்கடையில் கையில் கொடுக்கும் டப்பாவிலோ ‘காபாபென்டின்’ என்று ஒட்டியிருக்கும். மாத்திரையின் நிறம் வேறு, வடிவம் வேறு. "கம்பெனி காசு மிச்சம் பிடிக்க மலிவு மருந்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள்" என்ற எண்ணம் வருவது இயல்பு. ஏற்கெனவே வலி, சம்பளம் பாதி, காப்பீட்டு நிறுவனத்துடன் இழுபறி. அந்த நிலையில் இந்தச் சந்தேகமும் சேர்ந்துகொண்டால் மருந்தைச் சரியாகச் சாப்பிடவே மனம் வராது.

பெரும்பாலான நேரங்களில் அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரம் இல்லை. உண்மையிலேயே பிராண்ட் மருந்து தேவைப்படுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழி மருந்துக்கடை கவுன்டரில் தொடங்குவதில்லை, மருத்துவரின் பேனாவில் தொடங்குகிறது. இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்குப் பல வாரங்கள் மிச்சம்.

ஜெனரிக் எதில் ஒன்று, எதில் வேறு

ஒரு மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு, அதே மருந்தை மற்ற நிறுவனங்களும் தயாரிக்கலாம். அதுதான் ஜெனரிக். அதற்கான இன்றைய பாதையைத் திறந்தது 1984ஆம் ஆண்டின் ஹேட்ச்-வாக்ஸ்மன் சட்டம். பிராண்ட் நிறுவனம் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனைகளை ஜெனரிக் நிறுவனம் மறுபடி நடத்த வேண்டியதில்லை. அதே செயல்படு பொருள், அதே வீரியம், அதே வடிவம் (தோற்றம் அல்ல, மாத்திரையா திரவமா என்ற மருந்து வடிவம்), உடலுக்குள் செல்லும் அதே வழி ஆகிய நான்கும் பொருந்த வேண்டும். அத்துடன், ரத்தத்தில் அந்த மருந்து ஏறும் வேகமும் மொத்த அளவும் பிராண்டுக்கு இணையாக இருப்பதைச் சோதனையில் காட்ட வேண்டும். இதைக் காட்டினால்தான் எஃப்டிஏ என்ற மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரும்.

இந்த ‘இணை’ என்பதற்கான எல்லை 80 முதல் 125 சதவீதம் என்று விதி சொல்கிறது. இங்கேதான் பெரிய குழப்பம். "அப்படியானால் ஜெனரிக்கில் 20 சதவீதம் மருந்து குறைவாக இருக்கலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். இருக்க முடியாது. மாத்திரைக்குள் இருக்கும் மருந்தின் அளவைப் பற்றியதே இல்லை இந்த எண். பலரிடம் சோதித்து, இரண்டு மருந்துகளின் ரத்த அளவுகளை ஒப்பிட்டுப் புள்ளியியல் முறைப்படி ஒரு வீச்சு கணக்கிடுகிறார்கள். அந்த வீச்சு முழுவதும், அதாவது கீழ் நுனியும் மேல் நுனியும் சேர்த்து, இந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். சராசரி 100க்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் வீச்சின் ஏதாவது ஒரு நுனி வெளியே போய்விடும். 1996 முதல் 2007 வரையிலான 12 ஆண்டுகளில் நடந்த 2,070 இணைமைச் சோதனைகளை எஃப்டிஏ ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த மொத்த மருந்தில் ஜெனரிக்குக்கும் பிராண்டுக்கும் இருந்த சராசரி வித்தியாசம் 3.56 சதவீதம். உச்ச அளவில் 4.35 சதவீதம். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

வேறுபடுவது எது? நிறமூட்டி, மாவுப்பொருள், பூச்சு போன்ற செயல்படாத சேர்மானங்கள். தோற்றமும் வேறுபடும், ஏனென்றால் பிராண்ட் மாத்திரையின் தோற்றத்தை அப்படியே நகலெடுக்க அமெரிக்க வணிகக்குறிச் சட்டங்கள் விடுவதில்லை. நீல மாத்திரை வெள்ளையாக மாறுவதற்குக் காரணம் அவ்வளவுதான். ஒரே ஜெனரிக்கைப் பல நிறுவனங்கள் தயாரிக்கும். கடை இந்த மாதம் ஒரு நிறுவனத்திடமும் அடுத்த மாதம் வேறொன்றிடமும் வாங்கினால் மறுபடியும் தோற்றம் மாறும்.

எந்த ஜெனரிக் எந்த பிராண்டுக்கு ஈடு என்பதை மருந்தாளுநர் தன் இஷ்டப்படி முடிவு செய்வதில்லை. எஃப்டிஏ 1980 முதல் ‘ஆரஞ்சு புத்தகம்’ என்ற பெயரில் ஒரு பட்டியல் வெளியிட்டு வருகிறது. அதில் ஒவ்வொரு மருந்துக்கும் குறியெழுத்து உண்டு. ‘ஏ’ என்று தொடங்கினால் ஈடாகக் கொடுக்கலாம். ‘ஏபி’ என்பது நாம் அடிக்கடி காணும் குறி. ‘பி’ என்று தொடங்கினால் ஈடு என்று எஃப்டிஏ ஏற்கவில்லை. இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம்.

வொர்க்கர்ஸ் காம்பில் மட்டும் ஏன் தனி விதி?

சாதாரண மருத்துவக் காப்பீட்டில் ‘கோ-பே’ என்ற ஒன்று உண்டு. ஜெனரிக் எடுத்தால் உங்கள் கையிலிருந்து சிறு தொகை, பிராண்ட் கேட்டால் பெரிய தொகை. ஆகவே நோயாளியே கணக்குப் போட்டு ஜெனரிக் பக்கம் வந்துவிடுவார். அமெரிக்காவில் எழுதப்படும் மருந்துச்சீட்டுகளில் பத்தில் ஒன்பது ஜெனரிக்காகவே நிரப்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிலாளர் இழப்பீட்டில் இந்தக் கணக்கு கிடையாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட காயத்துக்கான மருந்துக்குத் தொழிலாளி பொதுவாகக் கோ-பே கட்டுவதில்லை. முழுச் செலவும் காப்பீட்டுக்காரர் தலையில். வேலையில் அடிபட்டவன் தன் காசைப் போட்டு மருந்து வாங்கக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை, அது நியாயமும்கூட. விஸ்கான்சின் 1911லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலமாக மிசிசிப்பி 1948இல் வந்து சேர்ந்தது. ஆனால் கோ-பே இல்லாத இடத்தில் பிராண்ட், ஜெனரிக் என்று பார்த்து வாங்க நோயாளிக்குக் காரணமே இல்லை. விலைக்குக் கடிவாளம் போட வேறு வழி வேண்டும். பல மாநிலங்கள் அந்தக் கடிவாளத்தை விதியாக எழுதிவிட்டன: ஈடான ஜெனரிக் இருந்தால் அதையே கொடு, விதிவிலக்கு வேண்டுமென்றால் மருத்துவர் எழுத்தில் சொல்லட்டும்.

சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1950களில் பல மாநிலங்கள், மருத்துவர் எழுதிய பிராண்டை மருந்தாளுநர் மாற்றவே கூடாது என்று தடை போட்டிருந்தன. 1970களில் அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் மாற்றிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சில மாநிலங்களில் மருந்தாளுநர் மாற்றியே ஆக வேண்டும். சிலவற்றில் மாற்றலாம், கட்டாயமில்லை. தொழிலாளர் இழப்பீட்டு விதி இந்தப் பொது விதிக்கு மேல் இன்னொரு அடுக்காக உட்காருகிறது.

மூன்று மாநிலங்கள்

கலிபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே மருந்தகங்களுக்கான பொதுச் சட்டத்தின் 4073ஆம் பிரிவு, அதே செயல்படு பொருள், அதே வீரியம், அதே வடிவம் கொண்ட ஜெனரிக்கை மருந்தாளுநர் தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறது. அனுமதி மட்டும்தான். தொழிலாளர் சட்டத்தின் 4600.1ஆம் பிரிவுக்கு வந்தால் தொனி மாறிவிடுகிறது: அடிபட்ட தொழிலாளிக்கு மருந்து கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஜெனரிக்கைத்தான் கொடுக்க வேண்டும். இரண்டே விதிவிலக்குகள். ஒன்று, ஜெனரிக் கிடைக்கவில்லை. இரண்டு, பிராண்ட்தான் வேண்டும் என்று மருத்துவர் எழுத்துப்பூர்வமாகக் குறிப்பிட்டிருக்கிறார். ‘கொடுப்பவர் யாராக இருந்தாலும்’ என்பதைக் கவனியுங்கள். தன் கிளினிக்கிலேயே மருந்து கொடுக்கும் மருத்துவருக்கும் இது பொருந்தும்.

2018 ஜனவரி 1 முதல் அங்கே தொழிலாளர் இழப்பீட்டுக்கென்று தனி மருந்துப் பட்டியல், அதாவது எந்த மருந்துக்கு முன் அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லும் பட்டியல், நடைமுறையில் இருக்கிறது. அதன் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ‘மாற்றாதே’ என்று சீட்டில் எழுதினால் மட்டும் போதாது. விலை குறைந்த ஈடான ஜெனரிக் இருக்கும்போது பிராண்ட் ஏன் மருத்துவரீதியாகத் தேவை என்பதை நோயாளியின் கோப்பிலும் காப்பீட்டுக்காரருக்கு அனுப்பும் அறிக்கையிலும் மருத்துவர் விளக்க வேண்டும். மருந்தைக் கொடுப்பதற்கு முன்பே அனுமதியும் வாங்க வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று மருத்துவர் விட்டுவிட்டால், அலைச்சல் தொழிலாளிக்குத்தான்.

டெக்சாஸ் விதியும் இதே திசையில் போகிறது. ஜெனரிக் கிடைத்து, அது மருத்துவரீதியாகப் பொருத்தமாகவும் இருந்தால் மருத்துவர் அதையே எழுத வேண்டும். பிராண்ட் அவசியம் என்றால் சீட்டில் குறிப்பிட்டு, காரணத்தைக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் கடையில் வாங்கக்கூடிய மருந்து பொருத்தமாக இருந்தால் அதையும் கருத வேண்டும் என்று அங்கே சட்டமே சொல்கிறது. டெக்சாஸில் இன்னொரு விசேஷம் உண்டு. மருத்துவர் ஜெனரிக் எழுதியிருந்தும், "எனக்குப் பிராண்ட்தான் வேண்டும்" என்று தொழிலாளி தானே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விலை வித்தியாசத்தை அவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். பின்னால் காப்பீட்டுக்காரரிடம் அந்தக் காசைத் திருப்பிக் கேட்க முடியாது. கவுன்டரில் அவசரத்தில் "சரி, பிராண்டே கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தும் ஆட்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அந்த ரசீதுக்குப் பணம் வராது.

நியூயார்க்கில் காகிதச் சீட்டுகள் இருந்த காலத்தில் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் மருத்துவர் தன் கையால் ‘டி ஏ டபிள்யூ’ என்ற மூன்று எழுத்துகளை எழுதாவிட்டால் ஜெனரிக்தான் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். ‘எழுதியபடியே கொடு’ என்பதன் சுருக்கம் அது. 2016 மார்ச் முதல் அங்கே மின்னணுச் சீட்டு கட்டாயமாகிவிட்டதால் கட்டம் திரைக்குப் போய்விட்டது; பொருள் மாறவில்லை. 2019 டிசம்பர் 5 முதல் தொழிலாளர் இழப்பீட்டுக்கான மருந்துப் பட்டியலும் அங்கே வந்தது.

மற்ற மாநிலங்களில் சொற்கள் மாறும், படிவங்கள் மாறும். மத்திய அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம். நீங்கள் வாழும் மாநிலத்தைவிட, உங்கள் இழப்பீட்டு வழக்கு எந்த மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லாரி ஓட்டுநர்களும், ஒரு மாநிலத்தில் குடியிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களும் இங்கே அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

கவுன்டருக்குப் பின்னால் ஓர் எண்

நீங்கள் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், மருந்தாளுநர் கணினியில் ஒரு கிளெய்ம், அதாவது காப்பீட்டுக்காரரிடம் பணம் கேட்கும் கோரிக்கை, அனுப்புகிறார். அதில் 0 முதல் 9 வரை ஓர் எண்ணைப் போட வேண்டும். இதற்கு டிஏடபிள்யூ குறியீடு என்று பெயர். நாடு முழுவதும் ஒரே முறைதான்.

0 என்றால் மருத்துவர் தடை எதுவும் சொல்லவில்லை. 1 என்றால் மாற்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். 2 என்றால் மாற்ற அனுமதி இருந்தும் நோயாளி பிராண்ட் கேட்டிருக்கிறார். 8 என்றால் சந்தையிலேயே ஜெனரிக் கிடைக்கவில்லை. மற்ற எண்களை நீங்கள் தெரிந்துகொள்ள அவசியமில்லை.

1க்கும் 2க்கும் உள்ள தூரம்தான் முக்கியம். இரண்டிலும் கைக்கு வருவது ஒரே பிராண்ட் மருந்து. ஆனால் 2 என்று போனால் அது நோயாளியின் விருப்பம். தொழிலாளர் இழப்பீட்டில் அந்த விருப்பத்துக்குப் பணம் கொடுக்கும் கடமை காப்பீட்டுக்காரருக்குப் பொதுவாக இல்லை. 1 என்று போனால் அது மருத்துவரின் முடிவு. உடனே பணம் வந்துவிடும் என்று சொல்ல முடியாது, முன் அனுமதி கேட்கலாம். ஆனால் வாதாட ஓர் அடித்தளம் கிடைத்துவிடுகிறது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது என்று கவுன்டரில் சொன்னால், கோபப்படுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த டிஏடபிள்யூ குறியீட்டில் அனுப்பினீர்கள்?" மருத்துவர் ‘மாற்றாதே’ என்று எழுதியிருந்தும் கடையில் 0 அல்லது 2 போட்டிருந்தால், திருத்தி மறுபடி அனுப்பச் சொல்லலாம். மருத்துவர் எழுதவே இல்லை என்றால், கடையில் எவ்வளவு பேசினாலும் பலன் இல்லை. மருத்துவமனைக்குத்தான் போன் போட வேண்டும்.

இந்த விதி எட்டாத இடங்கள்

ஜெனரிக் மாற்று என்பது குறுகிய விஷயம். அதே பொருள், அதே வீரியம், அதே வடிவம் இருந்தால்தான் மாற்றலாம். இந்த மூன்றில் ஒன்று விலகினாலும் மருந்தாளுநரின் கை கட்டப்பட்டுவிடும்.

நரம்பு வலிக்கான அதே காபாபென்டினை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண காபாபென்டின் பொதுவாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. ‘கிராலைஸ்’ என்ற பிராண்டிலும் காபாபென்டின்தான் இருக்கிறது, ஆனால் மெதுவாக விடுபடும் வகையில் செய்யப்பட்டது, நாளுக்கு ஒரு முறை. இது மற்ற காபாபென்டின் மருந்துகளுக்கு மாற்றாகாது என்று அதன் லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. பெயர் ஒன்றுதானே என்று மில்லிகிராமைக் கூட்டிக் கழித்து மாற்றிக்கொண்டால் உடலில் ஏறும் அளவு வேறாகிவிடும்.

இதே குறுகலான விதியை வியாபாரமாக்கியவர்களும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் சைக்ளோபென்சாப்ரின் மாத்திரை 5 மில்லிகிராமிலும் 10 மில்லிகிராமிலும் மிக மலிவாகக் கிடைக்கும். 7.5 மில்லிகிராம் மாத்திரையும் சந்தையில் இருக்கிறது. அதன் விலை மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு. தங்கள் கிளினிக்கிலேயே மருந்து விற்கும் மருத்துவர்கள் சிலர் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் திடீரென்று இந்த 7.5 பக்கம் சாய்ந்ததைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். வீரியம் வேறு என்பதால் ஜெனரிக் மாற்று விதி அதைத் தொடவே முடியாது. அந்த மாத்திரையும் ஜெனரிக்தான்! ஆகவே ஜெனரிக் என்றாலே மலிவு என்று எண்ணுவதும் தவறு. இந்த ஓட்டையை அடைக்கத்தான் மருந்துப் பட்டியல்களும் முன் அனுமதி விதிகளும் வந்தன. நியூயார்க் பட்டியலில், அதே பொருளின் ஜெனரிக் வேறு வீரியத்தில் கிடைத்தால்கூடப் பிராண்டுக்கு முன் அனுமதி வேண்டும் என்று எழுதியிருப்பது இதனால்தான்.

இன்னொன்று, மருந்தையே மாற்றுவது. செலிகாக்சிப் எழுதியிருக்கும் இடத்தில் நாப்ராக்சன் கொடுப்பது ஜெனரிக் மாற்று ஆகாது. இரண்டும் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுப்பவைதான், ஆனால் வெவ்வேறு வேதிப்பொருள்கள். காப்பீட்டு நிறுவனம் அப்படி மாற்றச் சொன்னால் மருத்துவரின் புதிய சீட்டு வேண்டும். "ஜெனரிக்தான் கொடுத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், லேபிளில் இருக்கும் பெயர் உங்கள் மருந்தின் வேதிப் பெயர்தானா என்று அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பிராண்ட் உண்மையிலேயே தேவைப்படும்போது

தலையில் அடிபட்டபின் வலிப்பு வந்து ஃபெனிட்டாயின் எடுப்பவர், அறுவைச் சிகிச்சைக்குப்பின் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் போன்றோரின் மருந்துகளில் அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து. இவற்றைக் குறுகிய சிகிச்சை எல்லை கொண்ட மருந்துகள் என்பார்கள். இவற்றுக்கும் ஜெனரிக் உண்டு. எஃப்டிஏ இவற்றுக்கு இன்னும் இறுக்கமான எல்லையைப் பரிந்துரைக்கிறது. என்றாலும் ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி தாவாமல் இருப்பது நல்லது என்று பல மருத்துவர்கள் நினைக்கிறார்கள். எல்லாருக்கும் பிராண்ட் வேண்டும் என்பதில்லை. ஒரே நிறுவனத்தின் ஜெனரிக்கைத் தொடர்ந்து தரும்படி கடையில் கேட்டாலே பல நேரங்களில் போதும். மாற்றினால் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.

ஒவ்வாமை இன்னொரு நியாயமான காரணம். மஞ்சள் எண் 5 என்ற நிறமூட்டி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சிலருக்குப் பால் சர்க்கரை வயிற்றைக் கலக்கும். செயல்படாத சேர்மானம்தானே என்று ஒதுக்க முடியாது. ஆனால் "ஜெனரிக் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒற்றை வரி எந்த அனுமதிக் குழுவிலும் நிற்காது. எந்த நிறுவனத்தின் மாத்திரை, எந்தத் தேதியிலிருந்து சாப்பிட்டீர்கள், என்ன ஆயிற்று, நிறுத்தியபின் சரியானதா, வேறு நிறுவனத்தின் ஜெனரிக்கைச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா: இத்தனையும் மருத்துவரின் குறிப்பில் இருந்தால் மறுப்பது கடினம். நிறுவனத்தின் பெயர் டப்பாவின் லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும். டப்பாவைத் தூக்கிப் போடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் சொல்வதை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு ஒரு சம்பவமே சாட்சி. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் பூப்ரோபியான் மருந்தின் நீடித்த வகைக்கு ‘புடெப்ரியான் எக்ஸ்எல்’ என்ற ஜெனரிக் இருந்தது. 300 மில்லிகிராம் மாத்திரை வேலை செய்யவில்லை, தலைவலி வருகிறது என்று நோயாளிகள் பலர் புகார் செய்தார்கள். அந்த 300 மில்லிகிராம் மாத்திரைக்கு நேரடிச் சோதனை நடந்திருக்கவில்லை. 150 மில்லிகிராம் சோதனையை வைத்தே அனுமதி தரப்பட்டிருந்தது. பிறகு எஃப்டிஏ தானே சோதித்துப் பார்த்து, அது பிராண்டுக்கு ஈடில்லை என்று 2012இல் அறிவித்தது. மாத்திரை சந்தையிலிருந்து விலகியது. இது அரிதான ஒன்று. ஆனாலும் நோயாளிகள் வாயைத் திறந்ததால்தான் அது வெளியே வந்தது. எஃப்டிஏயின் ‘மெட்வாட்ச்’ பக்கத்தில் நோயாளியே நேரடியாகப் புகார் பதிவு செய்யலாம்.

இரண்டு டப்பா, ஒரே மருந்து

ஜெனரிக் மாற்றில் நான் அதிகம் அஞ்சுவது மருந்தின் தரத்தை அல்ல, பெயர்க் குழப்பத்தை. அடிபட்ட அன்று அவசரப் பிரிவில் ‘மோட்ரின்’ என்று கொடுத்திருப்பார்கள். ஒரு வாரம் கழித்துக் கடையில் ‘ஐபுப்ரோஃபென்’ என்று ஒரு டப்பா வரும். இரண்டும் ஒன்று என்று தெரியாதவர் காலையில் அதையும் மாலையில் இதையும் சாப்பிடுவார். வலி அதிகமானால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் இப்படி வருவதுண்டு.

அசிட்டமினோஃபென் இதைவிட ஆபத்து. நம்மூரில் பாராசிட்டமால் என்று சொல்வதுதான் அங்கே அசிட்டமினோஃபென். டைலனால் என்பது அதன் பிராண்ட். ‘பெர்கோசெட்’ என்ற வலிநிவாரணியில் ஆக்சிகோடோனுடன் இதுவும் கலந்திருக்கிறது. அதன் ஜெனரிக் லேபிளில் இரண்டு பெயர்களும் நீளமாக, சில சமயம் சுருக்கமாக, இருக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பாராசிட்டமால், கடையில் வாங்கிய டைலனால், சீட்டில் வந்த கலவை மாத்திரை என்று மூன்று வழியில் ஒரே மருந்து உள்ளே போகலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச எல்லை 4,000 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும். கல்லீரலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோயாளிக்குச் சொல்ல வேண்டும், கொடுத்த மருந்தின் பெயரை லேபிளில் எழுத வேண்டும் என்று அதே 4073ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "இது எந்த மருந்துக்குப் பதில்?" ஆங்கிலத்தில் கேட்கத் தயக்கமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம், பெரிய மருந்துக்கடைகள் பலவற்றில் தொலைபேசி வழியே ஏற்பாடு செய்து தருவார்கள். பதிலை டப்பா மேலேயே தமிழில் எழுதி ஒட்டிவிட்டால் வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கும் குழப்பம் வராது.

மறுத்துவிட்டால்

மருத்துவர் காரணம் காட்டி எழுதியும் பிராண்டுக்கு அனுமதி மறுக்கப்பட்டால், கலிபோர்னியாவில் அடுத்த படி, சுயேச்சை மருத்துவ மறுஆய்வு. மருந்துப் பட்டியலில் வரும் மருந்துக்கான கோரிக்கை மீது காப்பீட்டுக்காரர் தரப்பு 5 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்புக் கடிதத்துடன் மறுஆய்வுக்கான படிவமும் வரும். கையெழுத்திட்டு அனுப்ப, மருந்துப் பட்டியல் தொடர்பான தகராறு என்றால் 10 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். இந்த 10 நாளைத்தான் பலர் தவற விடுகிறார்கள். கடிதம் வந்து, மகனோ மகளோ வார இறுதியில் படித்துச் சொல்லி, வக்கீலிடம் கேட்டு, என்று நாள் ஓடிவிடும். தொழிலாளிக்கு இதற்குக் கட்டணம் இல்லை, செலவு முதலாளி தரப்புக்கு. படிவத்துடன் மருத்துவரின் குறிப்புகளின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். உங்களை நேரில் பார்க்காமல் காகிதத்தை மட்டும் வைத்தே மறுஆய்வாளர் முடிவு செய்வார்.

டெக்சாஸில் முதலில் அதே காப்பீட்டு நிறுவனத்திடம் மறுபரிசீலனை கேட்க வேண்டும், பிறகு சுயேச்சை மறுஆய்வு அமைப்புக்குப் போகலாம். அங்கே ஒரு கூடுதல் பாதுகாப்பும் உண்டு. முன் அனுமதி தேவைப்படும் ‘என்’ வகை மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதை மறுப்பது மருத்துவ அவசர நிலையை உண்டாக்கும் என்றால், தகராறு முடியும்வரை மருந்து தொடர ஓர் இடைக்கால உத்தரவை மருத்துவரோ மருந்தகமோ கேட்கலாம்.

எந்த மாநிலமாக இருந்தாலும், தகராறு நடக்கும் நாட்களில் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். காபாபென்டினையும் வலிப்பு மருந்துகளையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ஓபியாய்டு (அபின் வகை) வலிநிவாரணிகளைச் சட்டென்று விட்டால் உடல் படும் பாடு தனி. மறுப்பு வந்த அன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து, முடிவு வரும்வரை எதைச் சாப்பிடுவது என்று கேளுங்கள். ஒவ்வாமை போன்ற தடை எதுவும் இல்லாதவருக்கு அனேகமாகக் கிடைக்கும் பதில், இப்போதைக்கு ஜெனரிக்கைத் தொடருங்கள் என்பதாகத்தான் இருக்கும். அதைச் சாப்பிடும் நாட்களில் வலி எப்படி இருந்தது, தூக்கம் எப்படி, என்ன பக்கவிளைவு என்று தேதி போட்டு எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.